முப்பதாவது நிமிடத்தில் காணாமல் போகும் பட்டை

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது ஒரு வெஸ்டர்ன் பிளாட்: புரதங்களை ஜெல்லில் பிரித்து, வேண்டியதை மட்டும் பட்டையாகக் காட்டும் சோதனை. எலியின் தொடை எலும்பு மஜ்ஜையிலிருந்து ஒரு வாரம் வளர்த்தெடுத்த மேக்ரோஃபேஜ் என்ற, கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்மேல் கொஞ்சம் எல்பிஎஸ் விட வேண்டும். ஈ.கோலை மாதிரியான பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் பொருள் அது. உயிருள்ள கிருமியே தேவையில்லை, இதைத் தொட்டாலே செல் உஷாராகிவிடும். 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் செல்களை உடைத்து, ஐகப்பாபி-ஆல்ஃபா என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம்.

0 நிமிடக் கட்டத்தில் தடித்த கறுப்புப் பட்டை தெரியும். 15-இல் மங்கிவிடும். 30-இல் தேடினாலும் கிடைக்காது. 60-இல் திரும்பி வந்திருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அந்தப் புரதத்தின் வேலை, மரபணுக்களை முடுக்கும் என்எஃப்-கப்பாபி என்ற இன்னொரு புரதத்தைச் செல்லின் கருவுக்குள் போகவிடாமல் பிடித்து வைப்பது. செல்லின் மேலிருக்கும் டிஎல்ஆர்4 என்ற உணர்விப் புரதம் எல்பிஎஸ்ஸைக் கண்டதும் செல் ஐகப்பாபி-ஆல்ஃபாவை அழித்துவிடுகிறது. என்எஃப்-கப்பாபி கருவுக்குள் போய் டிஎன்எஃப், ஐஎல்-6 என்று அழற்சியைத் தூண்டும் புரதங்களுக்கான மரபணுக்களை வரிசையாக முடுக்கிவிடுகிறது. அந்த வரிசையில் ஐகப்பாபி-ஆல்ஃபாவின் மரபணுவும் உண்டு. பூட்டை உடைத்துக்கொண்டு போனவனே உள்ளே புதுப் பூட்டும் செய்கிறான்!

டிஎல்ஆர்4-இன் பங்கு 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழுவால் தெரியவந்தது. சி3எச்/எச்இஜே என்ற எலி இனம் எல்பிஎஸ்ஸுக்கு அசையாது. காரணம், அதன் டிஎல்ஆர்4 புரதத்தின் 712-ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருப்பதுதான். எல்பிஎஸ்ஸைத் தாங்கிவிடும் இந்த எலிகள் சால்மோனெல்லா தொற்றில் எளிதில் செத்துப்போகும். 2011-இல் பாய்ட்லருக்கு நோபல் கிடைத்தது.

2015-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். டென்ட்ரிடிக் செல்கள் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்களுக்கு எடை கூடிய அமினோ அமிலங்களைக் கொடுத்து, எல்பிஎஸ்ஸுக்குப் பிறகு புதிதாக உருவானது எது, பழையது எது என்று பிரித்து அளந்திருந்தார்கள். தாக்குதலுக்கான புதுப் புரதங்கள் பெரும்பாலும் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல், அளவில் ஏறுவதால் கூடுகின்றன. மைட்டோகாண்ட்ரியா போன்ற அன்றாட வேலைக்கான புரதங்களில்தான் உற்பத்தி வேகமும் சிதைவு வேகமும் அதிகம் விளையாடுகின்றன.

எவ்வளவு டிஎன்எஃப் வந்தது என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அது எப்போது நின்றது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். டிஎன்எஃப் எம்ஆர்என்ஏவின் வால்பகுதியில் ஏ, யு எழுத்துகள் மலிந்த ஒரு துண்டு உண்டு. டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம் அங்கே ஒட்டிக்கொண்டு அந்த எம்ஆர்என்ஏவைச் சிதைக்க வைக்கும். 1996-இல் அந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவை இளைத்து, மூட்டு வீங்கிக் கிடந்தன. டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஆன்டிபாடியைத் தொடர்ந்து கொடுத்தபோது பெரும்பாலான பாதிப்புகள் வரவில்லை.

எல்பிஎஸ் பட்ட முதல் கட்டத்தில் பி38 என்ற சமிக்ஞைப் பாதை டிரிஸ்டெட்ராப்ரோலின்மேல் பாஸ்பேட்டை ஏற்றி அதை முடக்கி வைக்கிறது. டிஎன்எஃப் வெளியே வர நேரம் கிடைக்கிறது. பி38 அடங்கியதும் பாஸ்பேட் கழன்று சிதைப்பு தொடங்குகிறது. அதனால் இப்போதெல்லாம் அந்த ஐந்து நேரங்களோடு 4 மணி, 8 மணி என்று இன்னும் இரண்டையும் சேர்த்தே ஜெல்லில் ஏற்றச் சொல்கிறேன்.