எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க?

நான் எம்.எம்.ஏ. ஜட்ஜ். குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டைக்கு மூன்று பேர் உட்கார்ந்து மார்க் போடுவோம்; ரவுண்டை ஜெயித்தவனுக்கு 10, தோற்றவனுக்குப் பெரும்பாலும் 9. அன்றைக்கு ஒருவன் சிவப்பு, ஒருவன் நீலம். மூன்றாவது ரவுண்டுக்கு நான் எழுதிக் கொடுத்தது 10-9, சிவப்பு. இப்போது கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். இதை வீட்டில் சொல்லிவிட்டேன், கூட உட்காரும் ஜட்ஜுகளிடம் சொல்லிவிட்டேன், வண்டி ஓட்டும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சரியென்று தெரிந்த ஒன்றை எதற்கு இத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் புரியவில்லை.

முதல் ரவுண்டு சிவப்புக்கு, இரண்டாவது நீலத்துக்கு. இதில் எங்கள் மூன்று பேருக்குள் பேச்சே இல்லை. மூன்றாவதில் பிரிந்தோம். எனக்கும் பக்கவாட்டில் இருந்தவருக்கும் சிவப்பு. எனக்கு நேர் எதிரே, கூண்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு நீலம். 29-28, 29-28, 28-29. ரெஃப்ரி சிவப்புப் பையனின் கையைத் தூக்கியதும் அரங்கில் பாதிப் பேர் குதித்தார்கள், மீதிப் பேர் எங்கள் மேஜையைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். கூச்சல் எனக்குப் பழக்கம்தான். கிக்பாக்ஸிங் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீலப் பையனின் மாஸ்டர் கூச்சல் போடவில்லை. எல்லாம் முடிந்து நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றார். என்னைவிட வயதில் சின்னவர். ஒரு காலத்தில் ஒரே விரிப்பில் பயிற்சி எடுத்தவர்கள் நாங்கள்.

“மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?”

“மார்க் பத்தின்னா வேணாம் தம்பி. எழுதிக் குடுங்க, கமிட்டி பாத்துக்கும். நான் பாத்ததுக்குத்தான் மார்க் போட்டேன்.”

“என்ன பாத்தீங்கன்னு கேக்கல மாஸ்டர். எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க?”

கையைக் காட்டினேன். அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். “சரி மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அந்த ரவுண்டைச் சொல்லிவிடுகிறேன். அமெச்சூர் போட்டி, மூன்று நிமிட ரவுண்டு. முதல் ஒன்றரை நிமிடம் சிவப்பு நன்றாக விளையாடினான். ஜாப் என்கிற முன்கைக் குத்து, காலின் வெளிப்பக்கத்தில் உதை, மறுபடி ஜாப். நேராக ஒரு வலது கை குத்து விழுந்து நீலம் இரண்டடி பின்னால் போனான். வாங்கிய உதைகளில் அவனுடைய நிற்கும் நிலையே மாறியது. முன்னால் வைத்திருந்த இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். உதை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அப்புறம் சிவப்பு அவனை வலையோரம் தள்ளிக் கொண்டுபோய் அக்குளுக்குள் கையைக் கொடுத்துப் பூட்டினான். பூட்டிய இடம் எனக்கு எதிர்ப்பக்கம். ஏறக்குறைய ஒரு நிமிடம் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.

அந்த ஒரு நிமிடம் நான் பார்த்தது சிவப்பு ராஷ்கார்டு (உடம்போடு ஒட்டிய பனியன்) போட்ட ஒரு முதுகு. அதற்கு மேலே நீலத்தின் ஒரு காது. இடது கை வெளியே தெரிந்தது, அது சும்மா இருந்தது. வலது கை முதுகுக்கு அந்தப் பக்கம். அந்தக் கை வேலை செய்துகொண்டிருந்தது என்று காதுக்குத் தெரிந்தது. மாவு மூட்டையில் குத்துவது மாதிரி ஒரு மந்தமான சத்தம், விட்டு விட்டு. அந்தப் பக்க கேலரி ஒவ்வொன்றுக்கும் ‘ஓ’ போட்டது. கடைசிச் சில நொடிகளில் சிவப்பு இடுப்பைப் பிடித்து நீலத்தைக் கீழே போட்டான், மணி அடித்துவிட்டது.

சத்தத்துக்கு மார்க் கிடையாது. புதிதாக வருகிற ஜட்ஜுகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான். கையில் பட்டாலும் சத்தம் வரும், தோளில் பட்டாலும் வரும். கேலரி யாருடைய ஊர்க்காரனுக்குக் கத்துகிறது என்று யாருக்குத் தெரியும்? கண்ணால் பார்க்காத அடியைக் கணக்கில் சேர்த்தால் அப்புறம் நான் எதற்கு, கைதட்டலை அளக்க ஒரு மெஷின் வைத்துக்கொள்ளலாமே. ஆகவே பார்த்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த வலது கைக் குத்து, காலில் விழுந்த உதைகள். கடைசி டேக்டவுனுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. கீழே போட்டபின் ஒன்றும் செய்யாத டேக்டவுன் வெறும் இடமாற்றம்தான். அதை வைத்து சிவப்புக்குக் கொடுத்தேன் என்று சிலர் பேசிக்கொண்டது எரிச்சலாக இருக்கிறது.

ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் மார்க் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். யோசித்து மாற்றி எழுத முடியாது. அதுதான் நல்லது.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு செயின்ட்-பியர், ஹெண்ட்ரிக்ஸ் சண்டைதான் ஞாபகம் வரும். வகுப்பில் அதைப் போட்டுக் காட்டாமல் நான் விட்டதில்லை. 2013 நவம்பர் 16, லாஸ் வேகாஸ், யு.எஃப்.சி. என்ற பெரிய எம்.எம்.ஏ. நிறுவனத்தின் ‘யு.எஃப்.சி. 167’ போட்டி. செயின்ட்-பியர் கையில் இருந்த வெல்டர்வெயிட் எடைப்பிரிவுப் பட்டம், ஐந்து நிமிட ரவுண்டு ஐந்து. இரண்டு ஜட்ஜுகள் 48-47 என்று செயின்ட்-பியருக்கு, ஒருவர் 48-47 என்று ஹெண்ட்ரிக்ஸுக்கு. மூன்று சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு ரவுண்டுகளில் மூவரும் ஒரே முடிவு: இரண்டும் நாலும் ஹெண்ட்ரிக்ஸ், மூன்றும் ஐந்தும் செயின்ட்-பியர். முதல் ரவுண்டில் மட்டும் வேறுபாடு. பட்டம் நின்றது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

சண்டை முடிந்து நிற்கும்போது இருவர் முகத்தையும் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. செயின்ட்-பியர் முகம் வீங்கிப் போயிருந்தது. ஹெண்ட்ரிக்ஸ் அவ்வளவு அடிபட்டவராகத் தெரியவில்லை. அப்போது யு.எஃப்.சி. தலைவராக இருந்த டேனா வைட்டே ஹெண்ட்ரிக்ஸ்தான் ஜெயித்தார் என்று சொல்லி, ஜட்ஜுகளை நியமிக்கும் நெவாடா கமிஷன் மேல் பாய்ந்தார். ஆனால் முகத்தை வைத்து மார்க் போடுவதில்லையே. மொத்த ஓட்டு ஒரு கட்சிக்கு அதிகம், சீட்டு இன்னொரு கட்சிக்கு அதிகம் என்று நம் தேர்தலில் நடப்பதில்லையா? ஹெண்ட்ரிக்ஸ் தான் ஜெயித்த ரவுண்டுகளில் பெரிதாக ஜெயித்தார். இரண்டாவது ரவுண்டில் செயின்ட்-பியரை ஆட்டியே விட்டார். அதற்கும் 10-9, மூன்றாவது ரவுண்டில் செயின்ட்-பியர் ஜாப் போட்டுச் சேர்த்ததற்கும் 10-9. ஜப்பானில் பிரைட் என்ற எம்.எம்.ஏ. போட்டிகள் நடந்த காலத்தில் முழுச் சண்டையையும் ஒன்றாக வைத்துத்தான் முடிவு சொன்னார்கள். சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப் எம்.எம்.ஏ.விலும் அப்படித்தான். அங்கே நடந்திருந்தால் ஹெண்ட்ரிக்ஸ் பெல்ட்டோடு வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த முதல் ரவுண்டை சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் போடுவேன். வர்ணனையாளர் குரல் காதில் விழுந்தால் எல்லாரும் அவர் சொன்னதையே எழுதுவார்கள். ஆரம்பத்திலேயே செயின்ட்-பியர் ஒரு டேக்டவுன் எடுக்கிறார். கழுத்தை நெரிக்கும் கில்லட்டின் பிடிக்கப் பார்க்கிறார், பிடி கிடைக்கவில்லை. அப்புறம் வலையோரம் செயின்ட்-பியர் ஹெண்ட்ரிக்ஸின் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, ஹெண்ட்ரிக்ஸ் அவர் தலையின் பக்கவாட்டில் முழங்கையால் இடித்துக்கொண்டே இருக்கிறார். சீட்டை வாங்கிப் பார்த்தால் எப்போதும் வகுப்பு பிளந்துதான் இருக்கும். நான் ஹெண்ட்ரிக்ஸ் என்பேன். 2017-லிருந்து விதி தெளிவு: அடியும் பிடியும் ஏற்படுத்திய பாதிப்புதான் முதல். அது இரண்டு பேருக்கும் துல்லியமாகச் சமமென்றால்தான் முன்னேறித் தாக்கினது யார் என்று பார்க்க வேண்டும். அதிலும் சமமென்றால் கடைசியாகக் கூண்டை யார் ஆண்டார்கள் என்பது. இந்தக் கணக்கில் முழங்கைக்குத்தான் மார்க், டேக்டவுனுக்கு இல்லை.

எங்கள் போட்டிக்குப் பிறகு நடந்த வகுப்பில் ஒரு பெண், குஸ்தி ஆடி வந்தவர், கையைத் தூக்கினார். “சார், அந்த ஜட்ஜுகளுக்கு அப்போ இந்த விதி இல்லையே. அவங்க தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?” தப்பு என்று சொல்லவில்லையம்மா, நான் வேறு மாதிரி போடுவேன் என்றுதான் சொன்னேன் என்றேன். அவர் விடவில்லை. “நீங்க போடுறது டிவியில பார்த்துட்டு சார். முழங்கை தெரியுற மாதிரி கேமரா அந்தப் பக்கம் போகுது. அவங்க உட்கார்ந்த இடத்துல தெரிஞ்சுதா?”

அவருக்கு என் படிக்கட்டுக் கதை தெரியாது. தெரிந்து கேட்டிருந்தால் கோபித்திருப்பேன்.

இத்தனை வருஷம் 2013-இல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பற்றி நான் தைரியமாகப் பேசியிருக்கிறேன். 2020 பிப்ரவரியில் ஹூஸ்டனில் ஜோன்ஸ், ரேயஸ் யு.எஃப்.சி. பட்டச் சண்டையில் ஒரு ஜட்ஜ் ஜோன்ஸுக்கு 49-46 போட்டபோது, நாலு ரவுண்டா, எந்தச் சண்டையைப் பார்த்தார் இவர் என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கேள்வியைக் கிண்டலாகத்தான் கேட்டேன். உண்மையாகவே அவர் பார்த்த சண்டை வேறாக இருந்திருக்கலாம் என்று தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும், ஐந்தில் நாலு என்பது எந்த நாற்காலியிலிருந்து பார்த்தாலும் எனக்கு அதிகம்தான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எங்கள் போட்டியை யாரோ எடுத்த செல்போன் வீடியோ அப்புறம் எனக்கு வந்து சேர்ந்தது. கேலரியிலிருந்து எடுத்தது. அந்த வலது கை தெரிகிறது. விலாவில் ஐந்தாறு குத்து, எல்லாம் குட்டைக் குத்து, தோளை அசைக்க இடமில்லாமல் போட்டவை. அதில் ஒன்று நன்றாகவே இறங்கியிருக்கிறது. சிவப்பின் முழங்கை தன்னையறியாமல் கீழே வந்து விலாவை மூடுகிறது. என் நாற்காலியிலிருந்து முழங்கை இறங்கியதைப் பார்த்தேன். பிடியை மாற்றுகிறான் என்று நினைத்தேன். அப்படியும் நினைக்கலாம்தான்.

எதிர்ப்பக்கம் இருந்தவருக்கு அந்தக் குத்துகள் தெரிந்தன, சரி. ஆனால் பூட்டுக்கு முன்னால் விழுந்த வலது கைக் குத்து அவர் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்திருக்கும்? அவருக்கு அப்போது நீலத்தின் பின்மண்டைதான் தெரிந்திருக்கும். பக்கவாட்டில் இருந்தவர்தான் இரண்டையும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தார், அவர் சிவப்புக்குத்தான் கொடுத்தார். அது எனக்குப் பெரிய ஆறுதல். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அப்போதே ஓடிவிட்டார்.

இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. முதல் ரவுண்டில் சிவப்பு நீலத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் குத்தினான். ரெஃப்ரி குனிந்து குனிந்து பார்த்தார், நிறுத்திவிடுவாரோ என்று இருந்தது. இப்படி ஒருவன் கை தெளிவாக ஓங்கிய ரவுண்டுக்கு 10-8 கொடுக்கத் தயங்காதே என்று புதிய விதி சொல்கிறது. நான் 10-9 எழுதினேன். மற்ற இருவரும் அப்படியே. 10-8 எழுதியிருந்தால், மூன்றாவதை நீலத்துக்கே கொடுத்தாலும் என் சீட்டில் 28-28 தான் வந்திருக்கும், நீலம் ஜெயித்திருக்காது.

இதை நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது. நிம்மதியாக இருப்பதுதான் பிரச்சினை. ஒரு ரவுண்டில் கஞ்சத்தனமாகப் போட்டதை அடுத்த ரவுண்டில் ஈடு கட்டுவது இந்த வேலையில் பெரிய குற்றம். ரவுண்டு முடிந்தால் அது செத்த கணக்கு. மூன்றாவது ரவுண்டில் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிமிடத்தில், ‘முதல் ரவுண்டு இவனுக்குக் குறைத்துவிட்டோம்’ என்று என் தலைக்குள் எங்கேயாவது ஓடியதா? ஓடவில்லை என்றுதான் சொல்வேன். வலது கைக் குத்துக்கும் உதைக்கும்தான் கொடுத்தேன். ஆனால் ஒரு மனிதன் பேனாவை எடுக்கிற ஐந்து நொடியில் என்னென்ன ஓடுகிறது என்று அவனுக்கே எப்படித் தெரியும்?

பெரிய போட்டிகளில் ஜட்ஜ் மேஜையில் மானிட்டர் வைக்கிறார்கள். மறைந்தால் திரையைப் பார்க்கலாம். நமக்கு அது வாடகைக்கே கட்டாது. போன வாரம் சீனியர் ஒருவரிடம் போனில் வேறொன்று சொல்லிப் பார்த்தேன்: ரவுண்டுக்கு ரவுண்டு நாற்காலியை மாற்றி உட்காரலாமே சார், செலவு கிடையாது, மூன்று பேரும் மூன்று பக்கமும் பார்த்த மாதிரி இருக்கும். அவர் சிரித்தார். “மாறி உட்கார்ந்தா மட்டும் முதுகு நகர்ந்துடுமா? இப்ப ஒருத்தனுக்கு மறைக்கிறது, அப்புறம் மூணு பேருக்கும் ஆளுக்கொரு ரவுண்டு மறைக்கும். கார்னர்ல நிக்கிற மாஸ்டர் மூணு பேரையும் வந்து கேப்பான்.” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் எந்தப் போட்டியை மனதில் வைத்து எழுதினேன் என்று உடனே கேட்பார்கள்.