முளைதிறன் என்றால் என்ன?

கிளிநொச்சிப் பக்கம் தரம் 10க்கு விவசாயம் படிப்பிக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைகள். போன வருட அலகுப் பரீட்சையில் 'முளைதிறன் என்றால் என்ன?' என்று கேட்டிருந்தேன். நூறு விதையில் எத்தனை முளைக்கும் என்பதுதான் அது. விதைப்புக் காலத்தில் தகப்பனோடு வயலில் நிற்கிற பையன் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். எழுத்துப் பிசகாமல் எழுதிய பிள்ளைக்கோ விதைநெல்லைக் கையில் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாது.

அன்றிரவு கொப்பித் தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் பாடத்திட்டத்தில் நான் எழுதிவைத்த கற்றற்பேறுகளையும் (பாடம் முடிய பிள்ளை எதைச் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும் என்ற வரிகள்), வலப்பக்கம் அவற்றைச் சோதிக்கும் வினா இலக்கங்களையும் எழுதினேன். 'முளைதிறனைச் சோதித்து விதைக்கும் அளவைத் தீர்மானிப்பார்' என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை. வரைவிலக்கணம் கேட்டு மட்டும் ஐந்து வினாக்கள்! 'விளங்கிக்கொள்வார்' என்றும் ஒரு வரி. விளங்கியதை எதைப் பார்த்துப் புள்ளியிடுவது? அதை வெட்டி 'கணிப்பார்' என்று போட்டேன். கல்வியியலாளர் புளூம் 1956இல் வகுத்த கற்றலின் ஆறு படிகளையும் மனனம் செய்து புள்ளி வாங்கியவள் நான். அதில் அடிப்படி அறிவு, அதாவது படித்ததை ஞாபகத்திலிருந்து சொல்வது. என் ஐந்து வினாக்களும் அந்தப் படியிலேயே நின்றன.

தவணைப் பரீட்சைத் தாள் வெளியிலிருந்து வருவது, கை வைக்க முடியாது. என் கையில் இருந்தது அலகுப் பரீட்சை மட்டும். அதில் 20 புள்ளியைச் செய்முறைக்கு ஒதுக்கினேன். முளைக்க நாளெடுக்கும் என்பதால் பரீட்சைக்கு ஒரு கிழமை முந்தியே வேலை தொடங்கியது. வீட்டிலிருந்து கொண்டுவந்த விதைநெல்லில் எண்ணி 100, ஈரச் சாக்குத் துண்டு, தினமும் கொஞ்சம் தண்ணீர். சாக்கு காயாமல் பார்ப்பதே பெரும்பாடு. சனி ஞாயிறு நானே போய்த் தெளித்தேன்.

வெறுமையாக விட்ட அதே பையனுக்கு 72 முளைத்திருந்தது. நான் கேட்க முந்தியே, "ரீச்சர், இதுக்கு விதையைக் கூட்டிப் போடவேணுமெல்லோ?" என்றான். எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கணக்கும் போட்டுக் காட்டினான்.

ஆனால் திருத்தும்போது வேறொரு பிழை பிடிபட்டது. சிலர் பூஞ்சணம் பிடித்து வேர் கருகியதையும் முளைத்ததாக எண்ணியிருந்தார்கள். இயல்பான நாற்றை மட்டுமே எண்ண வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை, அது என் கற்றற்பேறுகளிலும் இல்லை. அந்தப் புள்ளியை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, இடப்பக்கத்தில் ஒரு வரி கூட்டினேன்.