இரத்தம் கசியும் முரசும் சீனி வருத்தமும்

கொழும்பில் பல் வைத்தியராகப் பணியாற்றும் நான், பல் ஆடுகிறது, பிடுங்கிவிடுங்கள் என்று வருபவர்களிடம் முதலில் கேட்பது, சீனி வருத்தம் இருக்கிறதா, கடைசியாக எப்போது இரத்தம் பரிசோதித்தீர்கள் என்பதைத்தான். பலருக்கு இது வியப்பாக இருக்கிறது.

மனித வாயில் 700க்கும் மேற்பட்ட பற்றீரிய வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. பல்லும் முரசும் சேரும் ஓரத்தில் அழுக்குப் படலம் நீங்காமல் தங்கிவிட்டால், ஒட்சிசன் குறைந்த அந்த இடுக்கில் போர்பிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்ற வகைகள் பெருகுகின்றன. அவற்றை எதிர்க்க உடல் மூட்டும் அழற்சியே, நாளடைவில், பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவிடுகிறது.

நுனி மழுங்கிய, மில்லிமீற்றர் கோடிட்ட மெல்லிய கருவியை முரசோரமாக நகர்த்தி, பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள இடுக்கின் ஆழத்தை மூன்று, இரண்டு, மூன்று என்று உதவியாளருக்குச் சொல்லிக்கொண்டே போவேன். மூன்று வரை பயமில்லை. கடைவாயை அடைந்ததும் சில வேளைகளில் கருவி ஏழு வரை இறங்கும். வெளியே எடுத்த பின் அந்த இடத்தில் இரத்தம் ஊறும். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஓர் ஐயாவுக்கு அப்படித்தான் இருந்தது. "துலக்கினா ரத்தம் வருது டொக்டர், அதால அந்தப் பக்கம் துலக்கிறதையே விட்டிட்டன்" என்றார். வலி இல்லாததால் அவர் கவலைப்படவுமில்லை. பல்லில் இறுகிப் படிந்த அழுக்கான காரையை எடுத்தால் பல் ஆடும் என்ற அச்சம் வேறு. எலும்பு கரைந்ததால் ஏற்கெனவே தளர்ந்த பல்லைக் காரை மறைத்து வைத்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே படத்தைக் காட்டித்தான் விளக்க வேண்டியிருந்தது.

ஆனால் பற்றீரியாவை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 1985 வரை நமது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பல் வைத்திய வசதி எதுவும் கிட்டாத அம்மக்கள் எல்லோருடைய பற்களிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தும், ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக வளர்ந்தது, 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்தைத் தாண்டவேயில்லை. உலகெங்கும் பல் வைத்திய மாணவர் படிக்கும் இந்த அறிவு, வைத்தியம் கிடைக்காத நம் மக்களின் வாயிலிருந்து கிடைத்தது என்ற எண்ணம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

உடலின் எதிர்வினையைக் கெடுப்பவற்றில் புகைத்தலும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் முதன்மையானவை. புகைப்பவருக்கு இரத்தக் கசிவு குறைவாகவே தெரிவதால் நோய் இன்னும் மறைந்துகொள்கிறது. நீரிழிவோடு உள்ள உறவு இருவழிப்பட்டது: சீனி கூடினால் முரசு கெடுகிறது, முரசின் அழற்சி இன்சுலினின் வேலையைத் தடுத்துச் சீனியைக் கூட்டுகிறது. முரசுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று, நான்கு மாதங்களில், கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவில் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரையை நிறுத்த இது போதாது; ஆனால் அலட்சியம் செய்யக்கூடிய அளவுமல்ல.

மாரடைப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அளந்தே பதில் சொல்கிறேன். முரசு நோயுள்ளவர்களிடம் இதயநோய் அதிகம் காணப்படுகிறது. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களின் நிலை வேறு: வாய்ப் பற்றீரியா இரத்தத்தில் கலந்து வால்வில் தங்கி உயிராபத்தை விளைவிக்கலாம் என்பதால், காரை எடுக்கும் முன்பே அவர்களுக்கு அன்டிபயோட்டிக் கொடுக்கிறோம். வால்வு மாற்றியதைப் பல் வைத்தியரிடம் எதற்குச் சொல்வது என்று மறைப்பவர்களும் உண்டு. அதனால் அந்தக் கேள்வியையும் சீனிக் கேள்வியோடு சேர்த்தே, கதிரையில் அமரும் முன்பே கேட்டுவிடுகிறேன்.