வியாழன் பகல் காட்சி

செப்டம்பர் 29, 2024, ஞாயிறு

1958 மே மாதம், லண்டன் ஹாமர்ஸ்மித் லிரிக் அரங்கில் 'த பர்த்டே பார்ட்டி' நடந்த வாரத்தின் வியாழக்கிழமையன்று, ஆங்கில நாடகாசிரியர் ஹரோல்ட் பிண்டர் தன் நாடகத்தின் பகல் காட்சியைப் பார்க்கப் போனார். சற்றுத் தாமதமாக வந்து மாடிப்படி ஏறியவரைப் பணிப்பெண் மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். இதை எழுதியவன் நான்தான் என்றார். ஐயோ பாவம், நீங்களா என்று இரங்கிய அவள், மாடி மூடியிருக்கிறது, ஆனாலும் விரும்பினால் உள்ளே போய் உட்காருங்கள் என்று விட்டுவிட்டாள். கீழே எட்டிப் பார்த்தால் ஆறு பேர் இருந்தார்கள்.

பிற்காலத்தில் இதை அவர் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவருக்கு வயது 27, வீட்டிலே கைக்குழந்தை. கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் வரவேற்கப்பட்ட நாடகத்தை லண்டன் பத்திரிகைகள் ஒரே நாளில் கிழித்துப் போட்டிருந்தன. அந்த ஆறு பேர் யாராக இருந்திருப்பார்கள், இடைவேளைக்குப் பிறகும் ஆறு பேராகவே இருந்தார்களா என்பதையே பேருந்தில் வரும்போதும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணா இன்றைக்குத் தேநீர் மட்டும்தான் குடித்தார்.

அக்டோபர் 1, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவில்லை. 'த பர்த்டே பார்ட்டி'யின் இரண்டாம் அங்கத்தில், தேடி வந்த கோல்ட்பர்க்கும் மக்கானும் விடுதிவாசி ஸ்டான்லியை உட்காரவைத்துக் கேள்விகளால் குடையும் பகுதியை வாசித்துவிட்டு, இரவில் வாசிக்கக் கூடாததை வாசித்துவிட்டதாக நொந்துகொண்டேன்.

அக்டோபர் 2, புதன்

அந்த நாடகத்தின் தொடக்கத்தில் எதுவுமே நடப்பதில்லை. கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு வாடகை விடுதி. விடுதிக்காரர் பீட்டி செய்தித்தாளோடு மேசையில் உட்காருகிறார். மனைவி மெக் சமையலறைத் திறப்பின் வழியாக, வந்திருப்பது நீங்கள்தானா என்று கேட்கிறாள், பதில் இல்லை, மறுபடி கேட்கிறாள். பிறகு கார்ன்ஃபிளேக்ஸைக் கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்கிறாள். மிக நன்றாக இருக்கிறது என்கிறார் அவர். அன்பும் அலுப்பும் பயமும் இவ்வளவு சின்னப் பேச்சுக்குள் ஒன்றாக இருக்க முடியும் என்று இதற்கு முன்னர் ஆங்கில மேடையில் யாரும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

காலையில் வடிகட்டிய கஞ்சியை அண்ணாவின் முன் வைத்து, எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கு, பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்து வைத்தார். தொண்டைக்குக் கீழே எங்கோ அது நின்றுகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. நானும் வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்த விடுதி வீடு கற்பனையில் முளைத்ததன்று. டேவிட் பேரன் என்ற மேடைப்பெயரில் பிண்டர் ஊர் ஊராக நடித்துத் திரிந்த 1950களில், ஈஸ்ட்போர்னில் தங்க இடம் கிடைக்காமல் ஓர் அழுக்கு வீட்டின் மாடி அறையைப் பியானோ வாசித்துப் பிழைத்த ஒருவரோடு பகிர்ந்துகொண்டார். ஏன் இந்த வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, போவதற்கு வேறு இடம் இல்லை என்றாராம் அந்த மனிதர். பிண்டரின் எத்தனையோ பாத்திரங்கள் இந்த ஒரு பதிலில் இருந்தே எழுந்து வந்தவர்கள் என்று நான் நினைக்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

பிண்டரின் முதல் மனைவி, நடிகை விவியன் மெர்ச்சன்ட் இறந்தது 1982ஆம் ஆண்டில் இதே தேதியில். வயது 53. குடி.

இன்று பிண்டர்மேல் கோபமாக இருக்கிறது. 1956இல் இருவரும் மணந்தபோது, இருவரில் பெயர் தெரிந்த நடிகர் விவியன்தான். 'த லவர்', 'த ஹோம்கமிங்' ஆகியவற்றின் பெண்கள் அவருடைய குரலிலும் அசையாத உடலிலும்தான் முதலில் உயிர்பெற்றார்கள். 1965இல் 'த ஹோம்கமிங்'கின் ரூத்தாக அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். 1975இல் பிண்டர் எழுத்தாளர் அன்டோனியா ஃப்ரேசரோடு வாழப் போனபோது, மாற்றுக் காலணி எடுத்துச் செல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவளுடையதையே போட்டுக்கொள்ளலாம், அவளுக்குக் கால் பெரிது என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார் விவியன். இது பிண்டர் எழுதத் தவறிய வசனம்.

1978இல் வந்த 'பிட்ரேயல்' நாடகம் இந்த முறிவைப் பற்றியது என்றே எல்லோரும் வெகுகாலம் நம்பினார்கள். அதன் மூலமோ 1960களில் தொலைக்காட்சியாளர் ஜோன் பேக்வெல்லோடு ஏழாண்டுகள் நீடித்த இரகசிய உறவு. கதையை முடிவில் தொடங்கி முதல் முத்தத்துக்குப் பின்னோக்கி நடத்திய உத்தியைப் புகழாதவர் இல்லை, நானும் புகழ்ந்திருக்கிறேன். இன்று அது கொஞ்சம் தந்திரமாகப் படுகிறது. எல்லாம் தொடங்கும் இடத்தில் முடித்துவிட்டால், யாரும் யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 5, சனி

அண்ணா தூங்கிய நேரத்தில் திஸில்வெயிட் சாலைவரை நடந்தேன். கிளாப்டன் குளத்திலிருந்து சில நிமிடத் தொலைவு. ஒன்றையொன்று ஒட்டிய செங்கல் வீடுகள். இதில் 19ஆம் எண் வீட்டில்தான் பெண்களுக்கான ஆடை தைக்கும் ஜாக் பிண்டருக்கும் ஃப்ரான்ஸஸுக்கும் 1930 அக்டோபர் 10 அன்று ஒரே பிள்ளையாக அவர் பிறந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் இரண்டும். 1939இல், ஒன்பது வயதுக்கு முன்பே, போருக்கு அஞ்சி மற்றப் பையன்களோடு அவரைக் கார்ன்வாலில் உள்ள கேர்ஹேஸ் மாளிகைக்கு அனுப்பிவிட்டார்கள். கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய வீடு, எப்போதாவது வந்து போகும் தாய் தகப்பன். திரும்பி வந்தபோது லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. போர் முடிந்த பிறகும் ஹாக்னித் தெருக்களில் பாசிசக் கும்பல்கள் யூதப் பையன்களை வழிமறித்தன. உடைந்த பால் புட்டிகளோடு நிற்பவர்களைக் கடந்துபோக, நலமா, ஆமாம் நலம், அப்படியானால் சரி என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே நழுவ வேண்டியிருந்ததை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய உரையாடல் எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் எழுத்தாளர்கள் பெக்கெட்டையும் காஃப்காவையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பெக்கெட்டுக்கு முன்னால் அந்தப் பால் புட்டி இருக்கிறது.

பிண்டர் படித்த ஹாக்னி டவுன்ஸ் பள்ளி 1995இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது வேறொரு பள்ளி. அந்தப் பழைய பள்ளியில்தான் ஜோசப் பிரியர்லி என்ற ஆங்கில ஆசிரியர் அவரை மக்பெத்தாகவும் ரோமியோவாகவும் மேடையேற்றினார். மாலைகளில் மாணவனோடு நாடகக் கவிதைகளை உரக்கச் சொல்லியபடி கிளாப்டன் குளம்வரை நடந்தார். 1948இல் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைத்தபோது 18 வயதுப் பையன் மறுத்துவிட்டான். மதக் காரணம் எதையும் சொல்லவில்லை. மறுபடியும் ஒரு போரைத் தயாரிக்க மாட்டேன் என்பதுதான் காரணம். சிறைக்கு அனுப்புவார்கள் என்று எண்ணிப் பல் துலக்கும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனான், அபராதத்தோடு விட்டார்கள்.

நம்மில் பலர் பெட்டியைத் தயாராக வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. தூரிகை ஒன்று போதும் என்று யாரும் நினைத்ததில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

'த பர்த்டே பார்ட்டி' எட்டுக் காட்சிகளோடு சனிக்கிழமை இறக்கப்பட்டது. மறுநாள், மே 25, 'சண்டே டைம்ஸ்' இதழில் ஹரோல்ட் ஹாப்சனின் விமர்சனம் வந்தது. தன் பெயரையே பணயம் வைத்துச் சொல்வதாகவும், லண்டன் நாடக உலகிலேயே மிக அசலான, மிக அதிரவைக்கும் திறமை பிண்டருடையது என்றும் எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டு நுழைவுச்சீட்டு வாங்கப் போனவர்களுக்குப் பார்க்க நாடகம் இல்லை.

ஒரே ஒரு நாள். இதை என்னால் கடந்துபோக முடியவில்லை. ஹாப்சன் ஒரு நாளிதழில் எழுதியிருந்தால், அல்லது அரங்கத்தார் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் என்று வீணாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த முழுநீள நாடகம் வெற்றி பெற்றதே என்பார்கள். உண்மைதான்: 1960 ஏப்ரலில் ஆர்ட்ஸ் தியேட்டரில் தொடங்கிய 'த கேர்டேக்கர்' டச்சஸ் அரங்குக்கு மாறி மொத்தம் 444 தடவை நடந்தது, டொனால்ட் பிளசன்ஸ் நடித்த டேவிஸ் என்ற நாடோடிக் கிழவன் ஒரே இரவில் பிண்டரைப் பெரிய பெயராக்கினான். ஆனால் அந்தச் சனிக்கும் ஞாயிறுக்கும் இடைப்பட்ட இரவில் அவர் அதை அறிந்திருக்கவில்லையே.

டேவிஸ் சிட்கப்புக்குப் போய்த் தன் ஆவணங்களை எடுத்து வரவேண்டும் என்று நாடகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். வானம் வெளிக்க வேண்டும், நல்ல சப்பாத்து வேண்டும். அண்ணாவும் ஊருக்குப் போய்க் காணி உறுதியை எடுத்து வரவேண்டும் என்று இன்றைக்கும் சொன்னார். குளிர் குறையட்டும் என்றும் சொன்னார்.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று நானே அழைத்தேன். அறிக்கை மருத்துவர் குழுவின் முன் இருக்கிறது, கூடிப் பேசிய பிறகு சொல்வார்கள் என்றது மறுமுனை. என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். மௌனம். பிறகு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றார்கள்.

பிண்டர் தன் பிரதியில் மூன்று வகையாகப் பேச்சை நிறுத்துவார்: மூன்று புள்ளிகள், இடைநிறுத்தம், மௌனம். புள்ளி என்றால் சொல் தேடித் தடுமாறுவது. இடைநிறுத்தத்தில் பாத்திரம் உள்ளுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மௌனத்துக்குப் பிறகு பேசுபவர் முன்பிருந்த ஆளாக இருக்க மாட்டார். இயக்குநர் பீட்டர் ஹால் இவற்றை மட்டும் சரிபார்ப்பதற்கென்றே தனி ஒத்திகை வைத்தார். நடிகர்கள் இதை வேதமாக்கிக்கொண்டு மணிக்கணக்கில் விறைத்து நின்றதைக் கண்டு சலித்த பிண்டர், பொருந்தாவிட்டால் இடைநிறுத்தங்களைத் தூக்கி எறியுங்கள் என்று பின்னாளில் சொல்லிவிட்டார். தொலைபேசியில் நான் கேட்டது எந்த வகை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

'த பர்த்டே பார்ட்டி' பார்த்த ஒரு பெண்மணி அவருக்குக் கடிதம் எழுதினார்: அந்த இரண்டு ஆண்கள் யார், ஸ்டான்லி எங்கிருந்து வந்தான், அவர்களெல்லாம் இயல்பானவர்கள்தானா என்று விளக்கினால் உதவியாக இருக்கும். பிண்டர் பதில் எழுதினார்: நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள், நீங்கள் இயல்பானவர்தானா? முன்பெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பேன். இன்று அந்தப் பெண்மணியின் பக்கம் நிற்கிறேன். காசு கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

அக்டோபர் 10, வியாழன்

பிண்டர் இருந்திருந்தால் இன்று 94. மதியச் செய்தியில் இவ்வாண்டு இலக்கிய நொபெல் பரிசு தென்கொரியாவின் ஹான் காங்குக்கு என்று அறிவித்தார்கள்.

பிண்டருக்கு அது 2005 அக்டோபர் 13 அன்று வந்தது. அதற்குச் சில நாள்கள் முன்னர்தான் டப்ளினில், 75ஆவது பிறந்தநாள் விழாவுக்குப் போன இடத்தில், விழுந்து தலையில் காயப்பட்டிருந்தார். அன்று காலை ஒரு தொலைக்காட்சி அவர் இறந்துவிட்டதாகச் சொல்லி, பிறகு இல்லை, நொபெல் பெற்றிருக்கிறார் என்று திருத்தியதாம். ஆகவே நான் செத்துப் பிழைத்தவன் என்றார். ஸ்டாக்ஹோமுக்குப் பயணம் செய்ய மருத்துவர்கள் விடவில்லை. சக்கர நாற்காலியில், முழங்காலில் போர்வையோடு, கரகரத்த குரலில் பதிவு செய்து அனுப்பிய உரையில், கலையில் உண்மை ஒருபோதும் ஒற்றையாக இருப்பதில்லை என்று தொடங்கி, குடிமகனாக எது உண்மை எது பொய் என்று கேட்டே தீரவேண்டும் என்று திரும்பி, ஈராக் போருக்காக புஷ்ஷையும் பிளேரையும் நீதிமன்றத்தில் நிறுத்தச் சொன்னார். நாடகத்தில் ஒரு விளக்கமும் தர மறுத்த மனிதர் அங்கே எதையும் பூசி மெழுகவில்லை.

அந்த உரையை அண்ணாவுக்குப் போட்டுக் காட்டினேன். நிகரகுவாவைப் பற்றிய பகுதியில் கண்ணை மூடியிருந்தவர் முடிந்த பிறகு, "இந்தாளுக்கும் விழுங்கக் கஷ்டமோ?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

துயரமான செய்தி ஏதுமில்லாத ஒன்றை எழுதிவைக்கிறேன். பிண்டருக்குக் கிரிக்கெட் பைத்தியம். கெய்ட்டீஸ் என்ற அணியை நடத்தினார். மட்டையாளர் லென் ஹட்டனைப் பற்றி அவர் எழுதிய கவிதை மொத்தமே ஒரு சின்ன வாக்கியத்தின் நீளந்தான். அதை நண்பரான நாடகாசிரியர் சைமன் கிரேக்கு அனுப்பிவிட்டு, வாசித்தாயா என்று கேட்டபோது, இன்னும் வாசித்து முடிக்கவில்லை என்றார் அவர். அண்ணா இதற்குச் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

அக்டோபர் 13, ஞாயிறு

2001 டிசம்பரில் பிண்டருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வேதிச்சிகிச்சை நடந்துகொண்டிருந்த 2002 பிப்ரவரியில் நேஷனல் தியேட்டர் மேடையில் ஏறித் தன் குறுநாடகத்தில் தானே நடித்தார். புற்று அணுக்கள் சாக மறந்துபோனவை என்று ஒரு தாதி சொன்னதை முகப்பில் வைத்துக் கவிதை எழுதினார்; தன் கட்டி செத்துக் கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்று அதில் கேட்கிறார். அறுவைக்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2008 டிசம்பர் 24 அன்று இறந்தார்.

அந்த ஆறு ஆண்டுகளைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு எந்த நிலையில் கண்டுபிடித்தார்கள், எவ்வளவு எடை குறைந்திருந்தது என்று தேடிக்கொண்டு பாதி இரவு போயிற்று. நாடகாசிரியரின் வாழ்க்கையை மருத்துவக் கோப்பாக வாசிப்பது அநாகரிகம் என்று தெரியும், வாசிக்கிறேன்.

'த பர்த்டே பார்ட்டி'யின் முடிவில் ஸ்டான்லியை அவர்கள் காரில் ஏற்றிக் கொண்டுபோகும்போது, எதையும் தடுக்க முடியாத பீட்டி, என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் உனக்குச் சொல்ல விடாதே என்று பின்னாலிருந்து கத்துவார். அந்த ஒரு வரியைத்தான் வாழ்நாள் முழுவதும் வாழ்ந்திருக்கிறேன் என்று பிண்டர் சொன்னார். 1985இல் துருக்கியில், ஆர்தர் மில்லருக்காக அமெரிக்கத் தூதர் கொடுத்த விருந்திலேயே சித்திரவதையைப் பற்றிப் பேசி, விருந்தை விட்டு இருவரும் வெளியேற நேர்ந்ததற்கும், தாய்மொழி தடைசெய்யப்பட்ட சிறைக்கைதிகளைப் பற்றி 1988இல் 'மவுண்டன் லாங்குவேஜ்' எழுதியதற்கும் அந்த வரிதான் காரணம் என்று நான் நம்புகிறேன். இருபது நிமிட நாடகம் அது. அதை நான் இரண்டாவது முறை வாசித்ததில்லை, வாசிக்கவும் மாட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

மழை. அழைப்பு இல்லை.

அக்டோபர் 16, புதன்

2006இல் இதே அக்டோபரில், ராயல் கோர்ட் அரங்கின் சின்ன மாடி மேடையில், பெக்கெட்டின் 'கிராப்ஸ் லாஸ்ட் டேப்' நாடகத்தில் பிண்டர் நடித்தார். மின்சக்கர நாற்காலியில் இருந்தபடியே நடித்தார். கிழவன் வாழைப்பழம் தின்று தோலில் வழுக்கும் வேடிக்கையைப் பெக்கெட் எழுதியிருந்தார். பிண்டரும் இயக்குநர் இயன் ரிக்சனும் அதை நீக்கிவிட்டார்கள். பெக்கெட்டின் பிரதியில் கை வைப்பது சின்ன விஷயமில்லை. பிண்டர் தன் நாடகங்களை அச்சுக்கு முன் அவரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்டவர். ஆனாலும் நீக்கியது சரி. அந்த உடலுக்கு வேடிக்கை ஒட்டாது. ஒலிநாடாவில் தன் இளம் குரலைக் கேட்டுக் கோபப்படும் மனிதன் மட்டும் போதும். பார்த்தவர்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நாடாவை அணைத்த பிறகு அவர் திரும்பிப் பார்த்த

கைப்பேசி அடித்தது. நாளைக் காலை ஒன்பதரைக்கு இருவரையும் வரச் சொல்கிறார்கள். அண்ணாவுக்குச் சட்டை தேய்க்க வேண்டும்.