காரியக்காரனின் கணக்கு

கட்டட வேலை பார்க்கிறவன் என்று தெரிந்துவிட்டால், ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது யாராவது ஒருவர் பைபிளில் இயேசு உவமையாகச் சொன்ன, கற்பாறைமேல் கட்டின வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வேலை பார்த்தவனுக்கு அந்த உவமையில் பெரிய குழப்பம் கிடையாது. மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண் அது. அஸ்திவாரத்தை மேலாகப் போட்டால் இரண்டே வருடத்தில் சுவர் பேச ஆரம்பித்துவிடும். சுவிசேஷத்தில் லூக்கா மட்டும் 'ஆழமாய்த் தோண்டி' என்று சேர்த்து எழுதியிருக்கிறார். மத்தேயுவில் அது இல்லை. லூக்காவுக்குக் கட்டடக்காரர்கள் யாரோ பழக்கம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

என்னை உண்மையில் மாட்டிவைத்தது வேறொரு உவமை. மத்தேயு 20-ல் வரும் திராட்சத்தோட்ட வேலையாட்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெவ்வேறு நேரத்தில் வேலைக்கு வந்த எல்லோருக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறான், முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள் என்கிற கதை.

திருநெல்வேலியில் ஒரு நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக இருந்த காலம். தினமும் காலை ஏழு மணிக்கு ஆள் நிற்கிற முக்குக்குப் போக வேண்டும். தூக்குவாளி, கரண்டி, ரசமட்டம், சும்மாட்டுத் துணி என்று அவரவர் சாமானோடு நிற்பார்கள். வண்டி நின்றதும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். அதில் தோள் அகலமாக இருக்கிறவனையும் வயது குறைந்தவனையும்தான் முதலில் கை காட்டுவேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, வேலை ஓடணுமே என்றுதான் அப்போது நினைப்பு. எட்டரைக்கு முக்கு கிட்டத்தட்ட காலியாகிவிடும். மிச்சம் நிற்பவர்கள் யார் என்று நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் நான் சைட்டில் இருப்பேன்.

ஒருநாள் ஒரு வீட்டுக்கு மாடி கான்கிரீட். ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாத வேலை. நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தால் அந்த இடத்தில் பழசும் புதுசும் சரியாகப் பிடிக்காது, பின்னால் ஒழுகும். பதினோரு மணிக்கு மிக்சர் மெஷின் மக்கர் பண்ணியதில் இரண்டு மணி நேரம் போயிற்று. மதியத்துக்கு மேல் இரண்டு ஆட்கள் உடம்புக்கு முடியவில்லை என்று கிளம்பிவிட்டார்கள். மேற்கே மேகம் வேறு. மேஸ்திரி, "சார், இன்னும் நாலு கை இல்லாட்டி இருட்டிரும்" என்றார். மூன்று மணிக்கு யார் நிற்கப்போகிறார்கள் என்று முனகிக்கொண்டே முக்குக்குப் போனேன்.

நின்றார்கள். மூன்று பேர். அதில் ஒருவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூடின டீக்கடைப் பலகையில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா, இன்னும் இங்க இருக்கீங்க?"

"யாரும் கூப்பிடல தம்பி."

வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் உறைத்தது. பதினோராம் மணி வேளையில் எஜமான் கேட்கிற கேள்வியும், அதற்கு அவர்கள் சொல்கிற பதிலும் இதுவேதான். சிறு வயதிலிருந்து எத்தனையோ பிரசங்கத்தில் அவர்களைச் சோம்பேறிகள் என்று கேட்டு வளர்ந்திருக்கிறேன். கடைசி நேரத்தில் மனந்திரும்புகிறவர்களுக்கு அடையாளம் என்றும் சொல்வார்கள். எழுதியிருப்பது அது இல்லை. ஒருவரும் வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்துக் கணக்கில் பதினோராம் மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்து. வேலை கிடைக்காது என்று தெரிந்தும் ஐந்து மணி வரை கடைத்தெருவில் நிற்கிறவனுக்கு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வழி இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் கவனித்தேன். அதிகாலையில் வந்தவர்களிடம் எஜமான் ஒரு பணம் என்று கூலி பேசுகிறான். அடுத்து வந்தவர்களிடம் நியாயமானபடி கொடுப்பேன் என்கிறான், தொகை இல்லை. எங்கள் முக்கிலும் அப்படித்தான். காலை ஏழு மணிக்கு நூறு ரூபாய் கூடக் கேட்டுப் பேரம் நடக்கும். மூன்று மணிக்கு அந்தப் பெரியவர் எவ்வளவு என்றே கேட்கவில்லை. தூக்குவாளியை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டார்.

மழை வரவில்லை. ஆறரைக்கு வேலை முடிந்தது. வீட்டுக்காரர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். கூலி கொடுக்கிற நேரம். அப்போது ஆண் கையாளுக்கு 600 ரூபாய், பெண் சித்தாளுக்கு 400. பிந்தி வந்த மூன்று பேரும் ஆண்கள். நிறுவனக் கணக்குப்படி ஆளுக்கு அரைநாள், 300. நான் என் பையிலிருந்து ஆளுக்கு 300 போட்டு முழுக்கூலியாகக் கொடுத்தேன். என் பணம், என் இஷ்டம். மனசு அன்றைக்குக் காற்றில் மிதந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஒரு தந்திரமும் செய்தேன். முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பிவிட்டு, இவர்களுக்குக் கடைசியில் கொடுத்தேன். உவமையில் எஜமான் தன் காரியக்காரனிடம், அதாவது கூலி கொடுக்கிற பொறுப்பில் இருக்கிறவனிடம், பிந்தி வந்தவர்களில் தொடங்கச் சொல்கிறான். அப்படிக் கொடுத்ததால்தானே முறுமுறுப்பே வந்தது? வரிசையை மாற்றியிருந்தால் ஒரு சத்தமும் இருந்திருக்காது என்று எனக்கு எப்போதும் தோன்றும். சைட்டில் ஆள் மேய்க்கிறவனின் புத்தி அது. யாருக்கும் தெரியாமல் நல்லது செய்துவிட்டுப் போனால் வம்பில்லை.

மறுநாளே தெரிந்துவிட்டது. முக்கில் எது ரகசியம்? ஆறு வருடமாக எங்களிடம் வேலை பார்க்கிற சித்தாள் அக்கா, கான்கிரீட் காயாமல் தண்ணீர் நிறுத்துகிற க்யூரிங்குக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கேட்டார்.

"நேத்து மூணு மணிக்கு வந்தவருக்கு அறுநூறாமே சார்?"

எனக்குப் பதில் தயாராக இருந்தது. 'சிநேகிதனே, நான் உனக்கு அநியாயஞ்செய்யவில்லை.' முறுமுறுத்தவனிடம் எஜமான் சொல்வது, ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்த வசனம். பேசின கூலி உங்களுக்கு வந்துவிட்டது, அவருக்குக் கொடுத்தது என் பணம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கொடுத்தது நல்லதுதான் சார், பாவம் வயசானவரு. நான் காலையில ஏழரைக்கு வந்தேன். எனக்கு எப்பவும் நானூறுதான். அதத்தான் கேக்கேன்."

வாயை மூடிக்கொண்டேன். அந்த எஜமானால் அந்த வசனத்தைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், முந்தி வந்தவர்களுக்கு அவன் கொடுத்த ஒரு பணம் ஒரு நாளுக்குரிய நியாயமான கூலி. அவர்கள் கையில் குறைவு இல்லை, கண்ணில்தான். 'வன்கண்ணனாயிருக்கலாமா', பொறாமைப்படலாமா என்று கேட்கிற தகுதி அவனுக்கு இருந்தது. எனக்கு எங்கே இருந்தது? அந்த அக்கா சுமக்கிற பாண்டுச் சட்டியும் ஆண் கையாள் சுமக்கிற பாண்டுச் சட்டியும் ஒரே எடை. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆள் வருகையும் கூலியும் எழுதுகிற அந்த மஸ்டர் ரோலில் ஆறு வருடம் தினமும் கையெழுத்துப் போட்டவன் நான். 900 ரூபாய் தயாளத்தை வைத்து அதை மூடப் பார்த்திருக்கிறேன்.

எஜமான் ஏன் வரிசையைத் தலைகீழாக வைத்தான் என்பதும் அன்றைக்குக் கொஞ்சம் விளங்கிற்று. ஒளிக்க எதுவும் இல்லாதவன் எல்லோர் கண்முன்னும் கொடுப்பான்.

மேலிடத்தில் பேசிப் பார்த்தேன். "ஊர் வழக்கம் தம்பி, நாம கூட்டினா மத்த கான்ட்ராக்டர்கள் சண்டைக்கு வருவாங்க" என்றார்கள். ரொம்ப வற்புறுத்தியதில் 50 ரூபாய் கூடிற்று. நானும் அப்புறம் அழுத்தவில்லை, வேலை போய்விடுமே என்ற பயம். பிரசங்கங்களில் காரியக்காரனைப் பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை. அவன் எஜமான் சொன்னதைக் கொடுத்துவிட்டுப் போகிறவன். நான் இருந்தது அந்த இடத்தில். ஆனால் கிடைத்தது வேறு எஜமான்.

மூன்று வருடம் கழித்துச் சொந்தமாகச் சின்னச் சின்ன வேலைகள் எடுக்க ஆரம்பித்தேன். முதல் வேலைக்கே அந்த அக்காவைக் கூப்பிட்டேன். என் நோட்டில் கையாள், சித்தாள் என்று இரண்டு பத்தி கிடையாது, ஒரே பத்தி. இதனால் ரேட் கட்டாமல் இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின என்பதும் உண்மை. எட்டரைக்கு மேல் முக்குப் பக்கம் ஒரு தடவை போய்வருகிற பழக்கமும் வந்தது. எல்லா நாளும் முடிவதில்லை.

முதல் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார் அந்த அக்கா. ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

"அப்ப, அங்க ஒன்பது வருஷம் குறைஞ்சது குறைஞ்சதுதானே சார்?" என்று கேட்டுவிட்டு, நோட்டுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.