தரப்பு மாறாதவருக்கும் தடை

அரசு வழக்கறிஞர்களின் நலமுரண் என்றதும், நேற்றுவரை அரசுக்காக வாதாடியவர் இன்று எதிர்த்தரப்பின் வக்காலத்தோடு வந்து நிற்கும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதைத் தடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபட்ட கருத்து இருக்காது. தரப்பே மாறாத ஒருவர் தடுக்கப்பட்ட வழக்குதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பேருந்து உற்பத்தியில் ஏகபோகம் செலுத்துவதாக 1956இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் பங்கேற்றவர், அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் ரேக்ராஃப்ட். பிற்காலத்தில் தனியார் தொழிலுக்கு வந்துவிட்ட அவரை, அதே நிறுவனத்தின் மீது ஏறக்குறைய அதே குற்றச்சாட்டுடன் வழக்காட நியூயார்க் மாநகராட்சி அமர்த்தியது. வென்றால் கட்டணம் என்பது ஏற்பாடு. அன்றும் இன்றும் அவர் நின்றது ஒரே பக்கம். ஆயினும் 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் வாதாடக் கூடாது என்றது. பதவியில் இருக்கும்போது தொடுக்கும் வழக்கு பின்னாளில் தன் வருமானத்துக்கு விதையாகும் என்ற எண்ணம் அரசு வழக்கறிஞருக்கு வரவே கூடாது என்பதுதான் இதன் அடிப்படை. முதலில் மிகையாகத் தோன்றிய அந்தக் காரணம், யோசிக்க யோசிக்க எனக்குச் சரியாகவே படுகிறது.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983இல் ஏற்ற மாதிரி விதிகளில் 1.11ஆம் விதி இதைப் பற்றியது. பதவியிலிருந்தபோது நேரடியாகவும் கணிசமாகவும் பங்கேற்ற விவகாரத்தில், அந்த அரசுத் துறை எழுத்துமூலம் இசைந்தாலொழிய, பின்னர் வேறொரு கட்சிக்காரருக்காக வாதாட முடியாது. பதவியில் இருப்பவர், தாம் அவ்வாறு கையாளும் விவகாரத்தின் தரப்பினரிடமோ அவர்களுடைய வழக்கறிஞரிடமோ வேலைக்குப் பேரம் பேசவும் கூடாது. சலனம் பெரும்பாலும் பதவியை விடுவதற்கு முன்பே தொடங்கிவிடுவதால், இதுவே விதியின் கூர்மையான பகுதி என்பேன்.

பதவியை விட்டவர் பின்னர் சேர்ந்த சட்ட நிறுவனத்தின் பிற வழக்கறிஞர்களுக்கு விதி சற்று இளகுகிறது: அவரை அந்த வழக்கிலிருந்து முற்றிலும் விலக்கி வைத்து, அதன் கட்டணத்தில் பங்கு தராமல், அரசுத் துறைக்கு உடனடியாக எழுத்தில் தெரிவித்தால் அவர்கள் வழக்கை நடத்தலாம். இந்தத் தளர்வு இல்லையென்றால் அரசுப் பணிக்கு வந்தவரைப் பிறகு எந்த நிறுவனமும் சேர்க்கத் தயங்கும் என்பது நியாயமான வாதம். ஆனால் நான்கே பேர் ஓர் அறையில் அமர்ந்து வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவரை வழக்கிலிருந்து பிரிக்கும் திரையை எங்கே கட்டுவார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.