எதிரே வந்தவர்கள் ஏன் லைட் அடித்தார்கள்?

பிரிட்டனிலிருந்து முதல் தடவை காரை எடுத்துக்கொண்டு பிரான்ஸ் போனபோது ஹெட்லைட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ரவுண்டானாவை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும் என்ற பயம்தான் மண்டை முழுக்க. பிரான்ஸின் கரையிலுள்ள கலே நகரத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, இருட்டிய பிறகு ஒரு இருவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த கார்கள் வரிசையாக லைட் அடித்துக் காட்டின. முன்னால் போலீஸ் நிற்கிறது போல என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். போலீஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஹை பீமில் போகிறேனோ என்று பார்த்தால் டாஷ்போர்டில் நீல விளக்கு எரியவில்லை. அத்தனை பேரிடமும் திட்டு வாங்கியது என் டிம் லைட் என்று விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

டிம் லைட் நேராக அடிப்பதில்லை, கொஞ்சம் கோணலாகத்தான் அடிக்கும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக் காரில், ஒளி வலப்பக்கம் தாழ்ந்தும் இடப்பக்கம் உயர்ந்தும் இருக்கும். எதிரே வருபவருக்குக் கண் கூசாது, நமக்குச் சாலையோரத்தில் நடப்பவரும் பெயர்ப் பலகையும் தெரியும். அதே காரை வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குக் கொண்டுபோனால் உயர்ந்த பகுதி நேராக எதிரே வருபவரின் கண்ணில் போய் விழும். நமக்குத் தெரிய வேண்டிய ஓரமோ இருட்டாக இருக்கும். ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி நாடு முழுக்க இடத்திலிருந்து வலத்துக்கு மாறியபோது கார்களின் ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டி வந்தது இதனால்தான். ஒரு நாடே செய்த வேலை, நான் ஒரு காருக்குச் செய்ய மறந்துவிட்டேன்.

அடுத்த பயணத்துக்கு இரண்டு கார். நண்பர் ஒருவர் தன் குடும்பத்தோடு கூடவே வந்தார். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் இருட்டிய பிறகு ஒரு வெறும் சுவர் முன் இரண்டு காரையும் கொண்டுபோய் நிறுத்தினோம். இதில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஐந்து மீட்டர் தள்ளி, சமதளத்தில், டிம் லைட்டைப் போட்டு, ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். சுவரில் ஒளியின் மேல் விளிம்பு வலப்பக்கம் தட்டையாக வந்து, நடுவில் திடீரென்று இடப்பக்கமாக மேலே ஏறியது. கூரை ஓடு சரிவதுபோல் ஒரு சாய்வு. அந்த விளிம்பின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி வைத்தோம். என்ன மாற்றினாலும் இந்தக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நண்பரின் கார் பழைய மாதிரி. ஹாலஜன் பல்பு, பின்னால் பளபளவென்று கிண்ணம், முன்னால் தெளிவான பிளாஸ்டிக் மூடி. அந்தச் சாய்வை மறைக்க, விளக்கின் மூடியில் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்டிக்கரை வாங்கியிருந்தார். கூட வந்த தாளில் கார் மாடல்வாரியாகப் படம் போட்டு, எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று அளவு கொடுத்திருந்தார்கள். மூடியை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு ஒட்டினோம். முதலில் தப்பு. இடது விளக்கில் ஒட்டியதை வலது விளக்கில் கண்ணாடி பிம்பம்போல் திருப்பி ஒட்டிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு விளக்கும் ஒரே பக்கம்தான் ஒளியைத் தூக்கும். அதனால் ஒன்று சரியானது, மற்றது அப்படியே இருந்தது. உரித்துத் திரும்ப ஒட்டியதும் சுவரில் அந்தச் சாய்வு மறைந்தது. பத்து நிமிட வேலை.

என் கதை வேறு. என் விளக்குக்குள் கண்விழி மாதிரி ஒரு உருண்டை லென்ஸ் இருக்கிறது, புரொஜெக்டர் வகை. பக்கத்தில் இன்னொரு கிண்ணம். ஸ்டிக்கர் தாளில் என் மாடல் இல்லை. சரி, பெரிதாக இருப்பதுதானே முக்கியமான விளக்கு என்று கிண்ணத்தின் மேல் ஒட்டினேன். சுவரில் ஒரு மாற்றமும் இல்லை. ஹை பீமைப் போட்டதும் அந்தக் கிண்ணம் எரிந்தது. நண்பர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் கறுப்பு டேப்பை எடுத்து லென்ஸுக்கு நேராக, மூடியின் மேல் ஒரு துண்டு ஒட்டினேன். ஒளி மொத்தமாக மங்கியது, சாய்வு மட்டும் அசையவில்லை. டேப்பை மேலே, கீழே, பக்கவாட்டில் எங்கே நகர்த்தினாலும் அதே கதைதான். யோசித்தால் காரணம் எளிது. இந்த வகையில் ஒளியின் வடிவத்தை வெட்டுவது லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னத் தகடு. லென்ஸின் ஒவ்வொரு பகுதியும் அந்தத் தகட்டின் முழு உருவத்தையும் சுவரில் போடுகிறது. பாதி லென்ஸை மறைத்தால் பாதி வெளிச்சம் போகும், வடிவம் போகாது. கிண்ண விளக்கில் பலித்தது இதில் பலிக்காததற்கு இதுதான் காரணம்.

இதற்குப் பிறகுதான் கார் கையேட்டைத் திறந்தேன். முதலில் திறந்திருக்க வேண்டும், தெரியும். வெளிநாட்டில் ஓட்டுவது பற்றி அரைப் பக்கம் இருந்தது. விளக்கின் பின்புறம் உள்ள மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன லீவர், அதைத் தள்ளினால் போதும் என்று எழுதியிருந்தார்கள். நகங்களுக்கு நேர்ந்ததைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு பக்கம் கை தாராளமாகப் போனது. மற்றப் பக்கம் பேட்டரி இடிக்கிறது. கண்ணால் பார்க்க முடியாமல் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருபது நிமிடம் தடவி, இரண்டு விரலில் தோல் உரிந்து, கடைசியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். சுவரைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் விளிம்பு நேராகிவிட்டது.

இப்படி மாற்றியதால் ஒளி வலப்பக்கம் தூக்குவதில்லை, இடப்பக்கம் தூக்குவது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் பிரான்ஸில் வலது ஓரம் நமக்கு அவ்வளவாகத் தெரியாது. இரவில் கொஞ்சம் மெதுவாகத்தான் போனேன். சிலர் விளக்கின் திருகைத் திருகி ஒளியைத் திருப்பப் பார்க்கிறார்கள், சிலர் காருக்குள் இருக்கும், ஒளியின் உயரத்தை மாற்றும் சின்னச் சக்கரத்தைத் தாழ்த்திவிட்டுப் போகிறார்கள். திருகைத் தொட்டால் ஊர் திரும்பியதும் மொத்தமாகச் சரிபார்க்க வேண்டிவரும். சக்கரம் டிக்கியில் சுமை ஏறி மூக்கு தூக்கும்போது பயன்படுத்துவதற்கு, அதைத் தாழ்த்தினால் நமக்குத்தான் சாலை தெரியாது. புதிய எல்இடி கார்களில் சிலவற்றில் திரையில் ஒரு மெனுவில் மாற்றிவிடலாம், சிலவற்றில் எதுவுமே செய்யத் தேவையில்லை. எது எந்த வகை என்று கையேடுதான் சொல்லும், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

பகலில்தானே ஓட்டப்போகிறோம் என்று நண்பரின் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பிரான்ஸில் மழையிலும் டிம் லைட் போட்டாக வேண்டும், சுரங்கப்பாதையிலும் போட வேண்டும். எங்களுக்கு இரண்டாம் நாளே மழை.

இங்கிலாந்துக் கரையிலுள்ள ஃபோக்ஸ்டனில், கடலடிச் சுரங்கத்தில் போகும் ரயிலில் காரை ஏற்றி, 35 நிமிடத்தில் அந்தப் பக்கம் இறங்கினோம். முதல் இரவு, போன தடவை போன அதே மாதிரிச் சாலை. எதிரே ஒரு லாரி, இரண்டு கார், ஒரு வேன். யாரும் லைட் அடிக்கவில்லை.

திரும்பி வந்ததும் நண்பர் ஸ்டிக்கரை மறந்தேவிட்டார். மூன்று வாரம் கழித்து, கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பிரிட்டனில் பார்க்கும் வருடாந்திர எம்.ஓ.டி சோதனையில் ஒளி வடிவம் சரியில்லை என்று காரைத் தோல்வியாக்கிவிட்டார்கள். அதற்குள் பசை இறுகிவிட்டது. ஹேர் டிரையரில் லேசாகச் சூடுகாட்டி, மெதுவாக உரித்து, மிச்சப் பசையைத் துடைத்தெடுக்க அவருக்கு ஒரு மாலை போனது. நான் வந்த அன்றே லீவரைத் தள்ளிவிட்டதாக அவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அன்றிரவு சுவர் முன்னால் நிறுத்திப் பார்த்தால், ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் ஸ்கேல் கோடு. பேட்டரிப் பக்கத்து லீவரை நான் தொடவே இல்லை.